கீதா என்று கேட்ட மனிதர்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கம்ப்யூட்டருக்கு மெட்ராஸ் பாஷை கற்றுக்கொடுத்த ஒரே மனிதர் எங்கள் பார்சல் அண்ணாத்தேதான். மற்றவர்களின் கம்ப்யூட்டர் இங்கிலீஷில் 'எரர்' என்று கத்தும்போது, அவருடையது மட்டும் "ஆவாது நைனா" என்று தன்மையாகச் சொல்லும்.

கொரட்டூரில் பிறந்து வளர்ந்தவர். சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்தது. அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அதை நான் பார்த்ததில்லை. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டிய மென்பொருள் பேக்கேஜாகக் கட்டி வரும். அதை அவர் பார்சல் என்பார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

தொல்லை என்னவென்றால், லினக்ஸ் ஒரே வீடு அல்ல, ஆளுக்கொரு வீடு கட்டிக்கொண்ட பங்காளிகள். ஒருவர் வீட்டில் 'டெப்' என்ற கட்டு மட்டும்தான் செல்லும், இன்னொருவர் வீட்டில் 'ஆர்பிஎம்'. மாற்றிக் கொண்டுபோனால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அண்ணாத்தேக்கு இது பொறுக்கவே பொறுக்காது.

"பிரியாணிய எலைல கட்னா இன்னா, டப்பால போட்டா இன்னா? உள்ள கீறது பிரியாணிதான? வந்தத வாணாம்னு திருப்பி அனுப்புனா அது இன்னா ஊடு?"

அதற்காகவே ஒரு கருவி எழுதினார். எந்தக் கட்டு வந்தாலும் கறுப்புத் திரையில் 'போடு' என்று அடித்தால் போதும். என்ன வகை என்று அதுவே மோப்பம் பிடித்து, பிரித்து, ஏற்றிவிடும். நீக்குவதற்கு 'தூக்கு'. ஒன்று ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க 'கீதா'.

இந்தக் கீதாவால்தான் வினை. நான் அம்பாசமுத்திரத்துக்காரன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பக்கத்து நாற்காலிக்காரர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'கீதா', 'கீதா' என்று அடிப்பதையும், திரை "இல்ல நைனா. தேடட்டா?" என்று கேட்பதையும் பார்த்தேன். மனசு உருகிவிட்டது. டீ குடிக்கும்போது அவர் தோளில் கைவைத்து, "விடுங்க அண்ணாச்சி, அந்தப் பொண்ணுக்குக் குடுத்து வைக்கல" என்றேன்.

"எந்தப் பொண்ணு?"

"கீதா."

டீ அவர் மூக்கில் ஏறிவிட்டது. சிரித்து முடிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. "கீதான்னா இருக்குதான்னு கேக்கறது நைனா! எங்க ஊட்டம்மா காதுல வுழுந்தா நான் காலி. அப்பறம், அண்ணாச்சின்னா மளிகைக் கட. நான் அண்ணாத்தே, செரியா?" நான் கடைசிவரை அண்ணாச்சியை விடவில்லை.

அடுத்த மாதமே எங்கள் அலுவலகத்துக்கு நிஜமாக ஒரு கீதா வேலைக்கு வந்தார். அண்ணாத்தேயின் திரையைப் பார்த்துத் திகைத்து, "சார், என் பேரைப் போட்டா எதுக்கு 'இல்ல'ன்னு வருது?" என்றார். அண்ணாத்தே பதறி எழுந்து, "மேடம், நீங்க நல்லா கீறீங்க! இல்லாதது வேற!" என்றார். அந்த அம்மா அன்றைக்கு முழுதும் எங்கள் பக்கமே வரவில்லை.

பிறகு ஒரு புது மேனேஜர் வந்தார். அண்ணாத்தேயின் கருவியைப் பற்றிய கூட்டத்தில், "ஒரே வகைக் கட்டு போதும், மத்ததெல்லாம் வீண் வேலை" என்றார். என் பக்கம் திரும்பி, "நீங்கதானே டெஸ்ட் பண்றீங்க? என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். அண்ணாத்தே கருவியில் ஓர் எழுத்தை மாற்றினாலும் நான் நான்கு வகை லினக்ஸ் கம்ப்யூட்டரிலும் முதலிலிருந்து போட்டுப் பார்க்க வேண்டும். அலுத்துப்போயிருந்தேன்.

"ஒண்ணு போதும் சார்" என்றேன்.

அண்ணாத்தே என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்து, "செரி, வுடு" என்றார்.

நான்கு நாள் உட்கார்ந்து கருவியிலிருந்து ஒவ்வொரு வகையாக அவரே நீக்கினார். வேறு யாரையும் தொடவிடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "எல்லாத்தியும் தூக்கியாச்சு நைனா. நான் மட்டும் இன்னாத்துக்கு கீறேன்?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. திங்கட்கிழமை கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். திங்கட்கிழமை நாற்காலி காலி. போன் நம்பரும் மாறிவிட்டது. கொரட்டூர் ஏரிப் பக்கம் இரண்டு ஞாயிறு அலைந்து வீட்டைக் கண்டுபிடித்தேன். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அவர் போன இடம் தெரியவில்லை.

போன வாரம் காட்டுப்பாக்கத்தில் வீட்டிலிருந்தே வேலை. வாடிக்கையாளர் அனுப்பிய கட்டு ஆர்பிஎம். என் கம்ப்யூட்டரோ டெப் வீட்டுப் பங்காளி. இங்கிலீஷில் கத்தியது. அண்ணாத்தேயின் பழைய கருவியை, எதையும் தூக்குவதற்கு முன் இருந்தபடியே, ஒரு மூலையில் பத்திரமாக வைத்திருக்கிறேன். எடுத்து, 'போடு' என்றேன்.

"போட்டாச்சு நைனா."

அந்தக் குரலைக் கேட்டதுபோல் ஆகிவிட்டது. எத்தனை நாளாயிற்று என்னை யாராவது நைனா என்று கூப்பிட்டு! கை சும்மா இருக்கவில்லை. 'கீதா அண்ணாத்தே' என்று அடித்தேன்.

"இல்ல நைனா. தேடட்டா?"

ஆமாம் என்று அடித்தேன்.

"தேடிகினு கீறேன்."

நானுந்தான், அண்ணாத்தே.