காற்றுக் குழுவின் கண்டுபிடிப்பு

மனித இனம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அந்தச் சக்கரத்துக்குள் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கும் பெருமையை மட்டும் வரலாறு பத்திரமாக எடுத்து வைத்திருந்து, அளவு நிர்ணய அலுவலகத்திடம் ஒப்படைத்தது. அலுவலகமும் அதை ஐந்தே மாதத்தில், பதினேழே கூட்டத்தில் சாதித்துக் காட்டியது.

வேறு யாராலும் இது முடிந்திருக்காது. கடைத் தராசிலிருந்து தையல்காரரின் நாடா வரை எது சரி, எது தப்பு என்று முத்திரை குத்துவது இந்த அலுவலகம்தான். இரண்டாவது மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மீட்டர் நீளக் கம்பி ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கம்பி எங்கும் ஓடிப்போகாது என்றாலும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அலுவலகத்துக்குச் சொந்தமான கறுப்புக் காரைப் பதினாறு வருடமாக ஓட்டியவரை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிட்டார்கள். வண்டி புதிதாக வந்த அன்று சாவியை வாங்கியவர், அதன் பிறகு அதை ஒரு சுவரிலும் உரசியதில்லை. பின்சீட்டில் இயக்குநர் தேநீர் குடித்துக்கொண்டே போவார், ஒரு சொட்டு சிந்தாது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, வண்டியைக் கிளப்புவதற்கு முன், மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருக்கும் காற்றுமானியை எடுத்து நான்கு டயரையும் அளப்பார். முப்பத்துமூன்று. குறைந்திருந்தால் நிரப்புவார். அதற்குப் பிறகுதான் அவருக்கு வாரமே தொடங்கும்.

முப்பத்துமூன்று என்பது அவர் கனவில் கண்ட எண் இல்லை. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், கதவு வந்து அடைகிற தூணின் கீழ்ப்பக்கம் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். வண்டியைச் செய்த கம்பெனி ஒட்டியது. கொஞ்சம் குனிந்தால் படிக்கலாம். அலுவலகத்தில் மற்றவர்கள் எல்லோரும் பின்கதவு வழியாக ஏறுகிறவர்கள். குனிகிற வழக்கமும் அவர்களுக்கு இல்லை.

ஒரு வியாழக்கிழமை அந்த வழக்கத்தில் ஒரு தவறு நேர்ந்தது. காரில் ஏறப்போன இயக்குநரின் கைக்குட்டை கீழே விழுந்தது. பக்கத்தில் ஆள் இல்லாததால் அவரே குனிந்து எடுத்தார். அப்போது அவர் கண், பணியில் சேர்ந்த பிறகு முதல்முறையாக, டயருக்கு நேரே வந்தது.

"இதுல அம்பத்தொண்ணுன்னு போட்டிருக்கே. நீ எவ்வளவு வெச்சிருக்க?"

"முப்பத்துமூணு ஐயா."

"பதினெட்டு குறையுதே! யாரு எடுத்தது?"

"யாரும் எடுக்கல ஐயா. அது டயர் தாங்கற உச்ச அளவு. அதத் தாண்டக்கூடாதுன்னு போட்டிருக்காங்க. நம்ம வண்டிக்கு எவ்வளவுன்னு கதவுல..."

"டயருக்கு எவ்வளவுன்னு டயர்ல எழுதியிருக்கு. நீ கதவக் கேக்கச் சொல்ற! அம்பத்தொண்ணு வை."

வைத்தார். டயர் நான்கும் விறைத்துக்கொண்டு நின்றன. அரைமணி நேரம் கழித்து, ஒரு பள்ளிக்கூட வாசலில் இருந்த வேகத்தடையில், நிதானம் எவ்வளவு மெதுவாக ஏற்றியும் வண்டி துள்ளியது. இயக்குநரின் தலை கூரையில் போய் இடித்தது. தேநீர் சட்டையில் கொட்டியது. மறுநாள் அவர் கழுத்துப் பட்டையோடு அலுவலகத்துக்கு வந்தார். குனியக்கூடாது என்று டாக்டரும் சொல்லிவிட்டதால், அதுவரை வழக்கமாக இருந்தது இப்போது சட்டமாகவே ஆகிவிட்டது.

சனிக்கிழமை நிதானத்துக்கு ஓலை வந்தது. 'தவறான காற்றழுத்தத்தின் மூலம் மேலிடத்துக் கழுத்துக்கு ஊறு விளைவித்தது' தொடர்பாக விசாரணைக் குழு அமைக்கப்படுகிறது. குற்றம் உறுதியானால் சாவி பறிக்கப்பட்டு, அவர் வாசல் காவலுக்கு மாற்றப்படுவார். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

"கதவத் திறந்து காட்டிட்டு வர வேண்டியதுதானே?" என்றாள் மனைவி.

"காட்டலாம். யாரு குனியறது?"

"அவங்க சொல்லித்தானே வெச்சீங்க? அதச் சொல்லுங்க."

"வாயால சொன்னதும்மா. எழுத்துல இல்ல. அவர் இல்லன்னு சொல்லிட்டா?"

அவர் தட்டில் இருந்ததைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

முதல் கூட்டத்தில் குழுத் தலைவரான துணை இயக்குநர் ஒரு மகத்தான தர்க்கத்தை முன்வைத்தார். "சரியான அளவு எதுன்னு தெரியாம, தப்பான அளவு எதுன்னு எப்படிச் சொல்றது? ஆகவே மொதல்ல சரியானதக் கண்டுபிடிப்போம்."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். கதவோரம் ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்திருந்த நிதானம் எழுந்தார். "சார், வண்டியோட கதவ ஒரு தடவ திறந்து பாத்தா..."

"நீங்க குற்றம் சாட்டப்பட்டவர். கேட்டா மட்டும் பதில் சொல்லணும்."

"அப்போ கேளுங்க சார்."

"கேள்வி இன்னும் தயாராகல. உங்களுக்கு ஏதாவது சொல்லணும்னா மனுவா எழுதிக் குடுங்க. வரிசைப்படி எடுத்துக்குவோம்."

அன்றே எழுதிக் கொடுத்தார். ஒரே வரி: 'டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து பார்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.' மனுவுக்கு எண் போடப்பட்டது. பதினேழாவது கூட்டத்துக்கு அது வரிசையில் நின்றது.

அதற்குள் குழு சும்மா இருக்கவில்லை. உறுப்பினர்கள் தங்கள் சொந்த வண்டியில் எவ்வளவு காற்று வைக்கிறார்கள் என்ற 'கள ஆய்வு' நடந்தது. ஆய்வு நடந்த களம், அவர்கள் உட்கார்ந்திருந்த மேசை. ஒருவர் இருபத்தெட்டு என்றார். அதற்கு மேல் வைத்தால் அவர் மாமியாருக்குத் தலை சுற்றுமாம். கணக்கு அதிகாரி நாற்பத்துநான்கு என்றார்.

"ஏன் நாப்பத்துநாலு?"

"என் வயசு சார். மறக்காது பாருங்க. வருஷா வருஷம் பொறந்த நாளைக்கு ஒண்ணு கூட்டிக்குவேன்."

"ஓய்வு பெறும்போது?"

"அப்போ வண்டிய வித்துடுவேன் சார்."

தலைவர் தன் பங்குக்கு நாற்பது என்றார். மூன்றையும் கூட்டி வகுத்ததில் முப்பத்தேழு புள்ளி மூன்று மூன்று மூன்று வந்தது. புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் இருந்ததால் அது அறிவியல் என்று ஒருமனதாக ஏற்கப்பட்டது.

ஏழாவது கூட்டத்தில் ஒரு உறுப்பினர், டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு வந்தார். முதன்முறையாக நிதானத்திடம் கேள்வி கேட்கப்பட்டது.

"டயர எப்படிக் குளிர வெப்பீங்க?"

"குளிர வெக்கறதெல்லாம் இல்ல சார். வண்டி ஓடாம மூணு மணி நேரம் நின்னா போதும். காலைல ஏழு மணிக்கு, கிளப்பறதுக்கு முன்னாடி அளந்துடுவேன்."

"அலுவலகம் பத்து மணிக்குத்தான் தொடங்குது. ஏழு மணிக்கு அளந்ததெல்லாம் அலுவலக அளவே ஆகாது."

ஆகவே நான்கு சக்கரங்களும் கழற்றப்பட்டு, குளிரூட்டப்பட்ட கூட்ட அறைக்கு வந்தன. தரையில் வைத்தால் கம்பளம் அழுக்காகும் என்று நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நாற்காலி போதாமல் இரண்டு உறுப்பினர்கள் நின்றுகொண்டே கலந்துகொண்டார்கள். சக்கரம் இழந்த கார், கொட்டகையில் செங்கல் மேல் நின்றது. இயக்குநர் வாடகைக் காரில் வந்துபோனார். வேகத்தடையில் துள்ளிய அன்றே நிதானம் பழைய அளவுக்கு இறக்கிவிட்டிருந்த காற்று, அங்கே முப்பத்தொன்று காட்டியது. சந்தேகத்துக்கு மொட்டைமாடி வெயிலில் கொண்டுபோய் வைத்து அளந்தால் முப்பத்தாறு. மாடிப்படியில் ஐந்து எப்படிக் கூடியது என்று விசாரிக்க ஒரு துணைக் குழு போட்டார்கள்.

நிதானம் தினமும் கொட்டகைக்குப் போய், செங்கல் மேல் நிற்கும் வண்டியைத் துடைத்துவிட்டு வருவார். ஓடாத வண்டியை எதற்குத் துடைக்கிறாய் என்று காவலாளி கேட்டார். இவர் துணியைப் பிழிந்துகொண்டு அடுத்த கதவுக்குப் போனார். பெற்ற பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது தலைவாரி விடுகிறவர்களிடம் போய் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

ஒருவழியாகப் பதினேழாவது கூட்டம் வந்தது. மனுவை எடுத்தார்கள். குழு முழுவதும், இயக்குநரையும் அழைத்துக்கொண்டு, கொட்டகைக்கு இறங்கி வந்தது. நிதானம் டிரைவர் கதவைத் திறந்து, ஓரமாக நின்று, விரலால் காட்டினார்.

யார் குனிவது என்பதில் சிறு தாமதம் ஏற்பட்டது. இயக்குநருக்குக் கழுத்து. தலைவருக்கு முழங்கால். கணக்கு அதிகாரி அன்றுதான் புதுக் கால்சட்டை போட்டிருந்தார். கடைசியில் கூட்டக் குறிப்பு எழுதும் அம்மா, புடவையை ஒதுக்கிக்கொண்டு குனிந்து படித்தார்.

"முப்பத்துமூணு சார். நாலு டயருக்கும்."

நிதானம் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து பிடித்தார்.

"இத யாரு ஒட்டினது?" என்று நிதானத்தைக் கேட்டார் தலைவர்.

"வண்டி செஞ்ச கம்பெனி சார்."

"நம்ம முத்திரை இருக்கா?"

"இல்ல சார்."

"எப்பலேர்ந்து இருக்கு?"

"வண்டி வந்த நாள்லேர்ந்து."

தலைவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பதினாறு வருஷமா, நம்ம வளாகத்துக்குள்ளயே, நம்ம முத்திரை இல்லாம ஒரு அளவு!"

அடுத்த நாளே முப்பத்துமூன்று சோதிக்கப்பட்டது. சக்கரங்களை மாட்டி, இயக்குநரைப் பின்சீட்டில் வைத்து, அதே வேகத்தடையில் நிதானம் ஓட்டினார். தேநீர் சிந்தவில்லை. 'சரியான காற்றழுத்தம் முப்பத்துமூன்று என அலுவலகம் கண்டுபிடித்துள்ளது' என்று ஆணை வந்தது. பழைய ஸ்டிக்கரின் மேல், அதே இடத்தில், அலுவலக முத்திரையோடு புது ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. குழுவுக்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது.

தீர்ப்பு நாளன்று நிதானம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். காற்றுமானியை மஞ்சள் துணியோடு சட்டைப் பையில் வைத்திருந்தார். இயக்குநர் தானாகவே எழுந்தார்.

"அம்பத்தொண்ணு வெக்கச் சொன்னது நான்தான்."

நிதானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து மாதமாக எந்த வார்த்தை வராது என்று பயந்தாரோ, அது வந்துவிட்டது. பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான் என்று நினைத்துக்கொண்டார்.

தலைவர் அறிக்கையைப் படித்தார். "ஆகவே அந்த வியாழக்கிழமை, மேலிட உத்தரவுப்படி அம்பத்தொண்ணு வெச்சதுல டிரைவர் மேல எந்தக் குற்றமும் இல்ல. அன்னைக்கு அவர் முறையா நடந்திருக்கார்."

"ரொம்ப நன்றிங்க சார்" என்று நிதானம் கும்பிட்டார்.

"இருங்க. இன்னொரு பக்கம் இருக்கு." தலைவர் தாளைத் திருப்பினார். "முப்பத்துமூணு சரியான அளவா ஆனது போன செவ்வாய்க்கிழமைதான். அதுக்கு முன்னாடி, பதினாறு வருஷம், எண்ணூத்தி முப்பத்திரண்டு திங்கட்கிழமை, எந்த அனுமதியும் இல்லாம அந்த அளவ வெச்சிருக்கீங்க. சாவிய மேசை மேல வெச்சிடுங்க. நாளையிலேர்ந்து வாசல்."

நிதானம் சாவியைப் பையிலிருந்து எடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஆனா முப்பத்துமூணு சரிதானே சார்?"

"சரிதான். அதுல யாருக்கும் சந்தேகமே இல்ல. எங்க கேள்வி வேற. நாங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடியே, அது சரின்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நிதானம் சாவியை மேசை மேல் வைத்தார்.

"குனிஞ்சு பாத்தேன் சார்."

குறிப்பு எழுதும் அம்மா பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தலைவர் எழுதும்படி கையைக் காட்டினார். அந்த அம்மா கேள்வியையும் பதிலையும் வரி மாறாமல் எழுதி, கீழே முறைப்படி முடித்தார்: 'குற்றத்தை ஒப்புக்கொண்டார்.'