கொமாண்டரின் சுழல் கதிரை

கொழும்பில் ராக்கெட் கிடையாது. ஆனால் விண்கப்பல் கொமாண்டர் ஒருவர் இருந்தார். கொட்டாஞ்சேனையில், எங்கள் அறையில், ஜன்னலோரக் கட்டிலில். பூமியிலுள்ள எந்தப் படையிலும் அவ்வளவு கண்டிப்பான அதிகாரி இல்லை. வானத்திலும் இருக்க மாட்டார்.

சொந்தப் பெயர் வீட்டுக்கார அன்ரிக்குத் தெரியும். எங்களுக்குத் தேவைப்படவில்லை. பகலில் துறைமுகப் பக்கம் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் கிளாக். ஐம்பது தாண்டியவர். கல்யாணம் இல்லை. தங்கச்சி ஒருத்தி, எப்போதாவது போன் எடுப்பா. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் பல் விளக்குவார்.

அறையில் மூன்று பேர். கொமாண்டர், வெள்ளவத்தைப் புடவைக் கடையில் சேல்ஸ்மனாக நிற்கும் தயா, நான். எனக்கு ஒருகொடவத்தையில் கொன்டெய்னர் யாட்டில் வேலை. எட்டாம் வகுப்பு வரை படித்தேன். பேச்சுக் குறைவு. அதனாலேயே கொமாண்டருக்கு என்னைப் பிடித்திருக்க வேண்டும்.

அவருடைய சின்ன வயதில் டீவியில் ஒரு விண்வெளித் தொடர் ஓடியதாம். ஒரு பெரிய கப்பல். வெள்ளி உடுப்புப் போட்ட சிப்பாய்கள். ஒரு கப்டன். ஒரு கிழமை கப்டன் சின்ன ஓடத்தில் ஏறி ஒரு கிரகத்துக்குப் பின்னால் போனார். அடுத்த கிழமை தொடரை நிறுத்திவிட்டார்கள். அந்த நேரத்தில் சமையல் நிகழ்ச்சி போட்டார்கள். நாடே மறந்தது. கொமாண்டர் மறக்கவில்லை. மிச்சக் கதையைத் தானே எழுதத் தொடங்கினார். போனில், ஒற்றை விரலால்.

இப்படி ஒரு வருத்தம் இவருக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இல்லை. வட்ஸ்அப்பில் நாற்பது பேர் அளவில் சேர்ந்தார்கள். மட்டக்களப்பில் பென்ஷன் எடுத்த பிரேமா மிஸ். வெள்ளவத்தையில் ஒரு பல் டொக்டர். கனடாவில் சிலர். எல்லாரும் அந்தத் தொடரைப் பார்த்தவர்கள். எல்லாரும் அதே சிப்பாய்களை வைத்துக் கதை எழுதினார்கள். எல்லாருக்கும் ஒரு பதவி உண்டு. கட்டளை மட்டும் கொமாண்டருடையது.

முதலாவது சட்டம், கப்டனின் வரவை யாரும் எழுதக் கூடாது.

“கப்டன் இல்லாத நேரம் கப்பலைக் காக்கிறதுதான் எங்கட வேலை. கப்டனை எழுதிறது எங்கட வேலை இல்லை” என்பார். சேருகிறவர்கள் வொய்ஸ் மெசேஜில் சத்தியம் செய்ய வேண்டும். செய்தார்கள். பல் டொக்டர் ஒரு நோயாளியை வாய் திறந்தபடி வைத்துக்கொண்டு செய்தாராம்.

மாலையானால் குழுவில் வருகை எடுப்பார். பிந்தி வந்தால் தண்டனை. காலை வணக்கம் என்று ரோசாப்பூப் படம் போட்டால் பெரிய தண்டனை. தண்டனை என்றால், அடுத்த அத்தியாயத்தில் அந்த ஆள் கப்பல் குசினியில் உருளைக்கிழங்கு உரிக்க வேண்டும். ஒருநாள் பல் டொக்டர் ரோசாப்பூப் போட்டுவிட்டார். வெளியே பெரும் போர். கப்பலில் ஓட்டை. டொக்டர் அத்தியாயம் அத்தியாயமாகக் கிழங்கு உரித்தார். கடைசியில் போன் எடுத்து அழுமாப்போல கேட்டார். “கொமாண்டர், ஒருக்கா எண்டாலும் சுட விடுங்கோவன்.”

“கத்தியைக் கீழ வைக்கச் சொல்லி நான் சொன்னனானே?”

“இல்லை.”

“அப்ப உரியும்.”

அறையிலும் அதே ஒழுங்கு. குளியலறையில் ஒருவர் வெளியே வந்தால், உள்ளே போகிறவர் “பொறுப்பேற்றேன்” என்று சொல்ல வேண்டும். ஃபேன் ரெகுலேட்டரில் அவர் உத்தரவில்லாமல் கை வைக்க முடியாது. காலையில் பிட்டோடு வருகிற அன்ரிக்குச் சலூட்.

“தம்பி, சலூட் அடிச்சது காணும். அந்த ஈரத் துவாயைக் கட்டிலால எடும்.”

“உடனடியாக, அன்ரி.”

எடுக்க மாட்டார். கட்டளை இடுகிறவருக்குத் துவாய் கண்ணில் படுவதில்லை.

ஒருநாள் தெருமுனையில் பொலிஸ் செக்கிங், அடையாள அட்டை பார்க்கிறார்கள். நாங்கள் மூவரும் சாப்பிட்டுவிட்டு வருகிறோம். தயா வாயை வைத்துக்கொண்டு இருக்கவில்லை. “கொமாண்டர், ஐசியை எடுங்கோ” என்று கத்தினான்.

பொலிஸ்காரர் நிமிர்ந்தார். “கவுத கொமாண்டர்?”

யார் கொமாண்டர் என்று கேட்டால் ஒரு தமிழன் சொல்லக் கூடிய பதில் ஒன்றுதான். ஒருவரும் இல்லை. இவரோ நான்தான் என்று காலைச் சேர்த்து ஒரு அடி முன்னே வந்தார்.

“மம, சேர்.”

எந்த முகாம் என்று கேட்டார் பொலிஸ்காரர். முகாம் இல்லை, கப்பல் என்றார் இவர், தன் உடைந்த சிங்களத்தில். கப்பல் இப்போது எங்கே என்று கேட்டார். மூன்றாம் கிரகத்துக்குப் பின்னால், ஆனால் எதிரிக்குச் சொல்ல வேண்டாம் என்றார். பொலிஸ்காரர் ஐசியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

“யன்ன, யன்ன” என்றார். போகச் சொன்ன குரலில் இரக்கம் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தயாவுக்கு விசாரணை. “பொது இடத்தில பதவியைச் சொல்லக் கூடாது. எதிரி கேப்பான்.”

“எந்த எதிரி, கொமாண்டர்?”

“மூண்டாம் கிரகத்தான்.”

அந்தக் கிழமை அத்தியாயத்தில் தயா கிழங்கு உரித்தான்.

பிறகு கதிரை வந்தது. கப்பல் நடத்துகிறவர் கட்டிலில் இருந்து கட்டளையிடக் கூடாது என்று நினைத்தார். மருதானையில் ஒரு பழைய தளபாடக் கடையில் சுழல் கதிரை பார்த்திருந்தார். கறுப்பு. உயர்ந்த முதுகு. ஒரு லீவு நாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு போய் வாங்கினார். இருவருமாக ரயில் நிலைய வாசல் வரை உருட்டினோம்.

“இதிலையே நில்லும். ஓட்டோ பிடிச்சுக்கொண்டு வாறன்” என்றார். போனார்.

எங்கள் யாட்டில் ஒரு வழக்கம் உண்டு. சீல் உடைத்த கொன்டெய்னருக்குப் பக்கத்தில் சுப்பவைசர் ஒருவனை நிறுத்துவார். நிறுத்திய சுப்பவைசரே வந்து எடுக்கும் வரை அவன் நகரக் கூடாது. வேறு ஆள் வந்து போ என்றாலும் போகக் கூடாது. சாமான் குறைந்தால் நின்றவன் தலையில்தான் விழும். எனக்கு அது பழகிவிட்டது. நின்றேன்.

கொமாண்டர் வரவில்லை. போன் எடுத்தேன். வேலை செய்யவில்லை. கதை வந்துவிட்டால் போனை ஃப்ளைட் மோடில் போட்டுத்தான் எழுதுவார். அதுதான் முறை என்று நினைத்திருந்தார். அன்று ஓட்டோ பிடிக்கப் போகும் வழியில் கதை வந்துவிட்டது. கதை வந்தால் அவருக்குக் கடல் வேண்டும். கால் தன்பாட்டில் மற்ற வாசலால் ஸ்டேஷனுக்குள் போய் ரயிலேறி, கல்கிசைக் கடற்கரையில் இறங்கிவிட்டது. இதெல்லாம் பிறகு தெரிந்தது.

மதியம் போனது. ஸ்டேஷன் ஆள் ஒருவர் வந்து என்ன செய்கிறாய் என்று கேட்டார். “மல்லி, மொகத கரன்னே?”

“இன்னவா” என்றேன். நிற்கிறேன் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிங்களம் அதுதான். சரியாகவும் இருந்தது.

பிறகு மழை. சேட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டேன். பெனியனோடு நின்றேன். ஒரு பெண் எனக்குப் பக்கத்தில் சில்லறை வைத்துவிட்டுப் போனாள்.

பொழுது சாய்கிற நேரம் கொமாண்டர் வீட்டுக்குப் போயிருக்கிறார். அன்ரி கேட்டிருக்கிறா, “எங்க மற்றத் தம்பி? காலமை உம்மோடதானே வந்தவர்?”

அந்த மனிதர் ஓடியதை அன்றுதான் கொட்டாஞ்சேனை பார்த்தது என்று அன்ரி இன்றும் சொல்வா.

ஒரு செருப்போடு வந்து சேர்ந்தார். மழைத் தண்ணீர் மூக்கால் ஒழுகியது. என்னைப் பார்த்தார். கதிரையைப் பார்த்தார்.

“நீர் ஏன் போகேல்லை?”

“நிக்கச் சொன்னனீங்கள்.”

“கதிரையிலயாவது இருந்திருக்கலாமே?”

“உங்கட கதிரை.”

மன்னிப்புக் கேட்கவில்லை. கதிரையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். நான் மற்றப் பக்கத்தைப் பிடித்தேன்.

அடுத்த அத்தியாயத்தில் ஒரு புது ஆள் வந்தான். சார்ஜன்ட். பெயர் இல்லை. கப்பலை விட்டு வெளியேறும் காற்றுக்கதவில் காவல். ஓடத்தில் ஏறுமுன் கப்டன் சொன்னாராம், நான் வரும் வரை இதிலையே நில் என்று. அதிலிருந்து நிற்கிறான். பேசினால் ஒரு சொல். “ஓம்.”

எனக்கு வாசிப்பு மெதுவு. தயாதான் சத்தமாக வாசிப்பான். வாசித்துவிட்டு என் காலைப் பார்ப்பான். “அண்ணை, உங்களுக்குக் கால் நோகேல்லையே?”

குழுவில் சார்ஜன்ட் பேர்பெற்றுவிட்டான். கப்பலில் குசினி எரிந்தது. நின்றான். எதிரி கதவைப் பாதி பிடுங்கினான். நின்றான். இவனைப் பற்றியே மற்றவர்களும் எழுதத் தொடங்கினார்கள். ஆனால் போகப் போக ஆட்களுக்குத் தாங்கவில்லை. பிரேமா மிஸ் வொய்ஸ் மெசேஜ் போட்டா. “கொமாண்டர், பாவம் அந்த மனிசன். ஒரு கதிரையாவது குடுங்கோ.”

“காவலில கதிரை இல்லை, மிஸ்.”

“அப்ப ஆளை மாத்துங்கோ.”

“நிறுத்தினவர் கப்டன். கப்டன்தான் மாத்தலாம்.”

“கப்டனை எழுதக் கூடாது எண்டு நீங்கள்தானே சத்தியம் வாங்கினனீங்கள்?”

“ஓம்.”

“அப்ப கப்டன் செத்துப்போனாலும் அந்த மனிசன் நிக்கோணுமோ?”



கலகம் வந்தது. மிஸ்தான் தலைமை. ஞாயிற்றுக்கிழமைக்குள் சார்ஜன்டைக் காவலிலிருந்து எடுக்காவிட்டால் எல்லாரும் வெளியேறி வேறு குழு தொடங்குவார்கள். பல் டொக்டரும் அந்தப் பக்கம். சட்டத்தை உடைத்தால் கொமாண்டருக்குச் சட்டம் இல்லை. உடைக்காவிட்டால் ஆட்கள் இல்லை. அந்த நாற்பது பேரைத் தவிர அவருக்கு மாலையில் போன் எடுக்க ஒருவரும் இல்லை. எங்களுக்கு அது தெரியும்.

சாப்பாடு குறைந்தது. அன்ரி இடியப்பத்தைத் திருப்பிக் கொண்டு போனா. ரெகுலேட்டரைத் தயா தன் விருப்பத்துக்குத் திருப்பினான். விசாரணையும் இல்லை, கிழங்கும் இல்லை. தயா பயந்துபோய்ப் பழைய இடத்துக்கே திருப்பிவைத்தான்.

சனிக்கிழமை பின்னேரம் கதிரையில் இருந்தபடி என் பக்கம் சுழன்றார்.

“நீர் என்ன சொல்லுறீர்?”

“நிறுத்தின ஆள் வந்து எடுக்கோணும்.”

“கப்டன் வரமாட்டார்.”

“அப்ப நிக்கட்டும்.”

கதிரை ஒருதரம் முழுதாகச் சுற்றி வந்தது.

“அண்டைக்கு மருதானையில நான் வராட்டில்?”

“வந்தனீங்கள்தானே.”

கொமாண்டர் போனை ஃப்ளைட் மோடில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தியாயம் வந்தது. தயா கட்டிலில் எழும்பி நின்று வாசித்தான். காற்றுக்கதவு தட்டப்படுகிறது. சார்ஜன்ட் திறக்கிறான். வெளியே கப்டன். வெள்ளி உடுப்பெல்லாம் கிழிசல். ஒரு காலில் சப்பாத்து இல்லை. விண்வெளியில் மழை கிடையாது. ஆனால் கப்டன் நனைந்திருந்தார். ஏன் என்று எழுதவில்லை.

கப்டன் சொல்கிறார், “மன்னித்துக்கொள்ளும். எதிரி என்னைப் பிடிக்கவில்லை. ஓடம் உடையவில்லை. நான் மறந்துபோனேன். காவலை நான் பொறுப்பேற்கிறேன். நீர் இரும்.”

சார்ஜன்ட் “ஓம்” என்கிறான்.

தயா வாசிப்பதை நிறுத்தினான். கட்டிலால் இறங்கினான். கொமாண்டர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணீர் ஊற்றப் போனேன்.

குழுவில் ஒருவரும் வெளியேறவில்லை. பிரேமா மிஸ் அழுகிற சத்தத்தில் ஒரு வொய்ஸ் மெசேஜ் போட்டா. பல் டொக்டர் மட்டும் சட்டம் பேசினார். சத்தியத்தை உடைத்தவருக்கு என்ன தண்டனை? கொமாண்டர் மறுக்கவில்லை. தானே தீர்ப்பெழுதினார். அடுத்த அத்தியாயத்தில் கொமாண்டர் குசினியில் கிழங்கு உரித்தார்.

அது காணாது என்று நினைத்திருக்க வேண்டும். காலையில் குசினியில் அன்ரியின் குரல் கேட்டது. “தம்பி, தோலோட பாதிக் கிழங்கும் போகுது. ஆர் உம்மை உரிக்கச் சொன்னது?”

“சட்டம், அன்ரி.”

“அப்ப சட்டத்தை வந்து கறியைத் தின்னச் சொல்லும்.”

போன வருடம் கொமாண்டரின் தங்கச்சி குடும்பம் கல்கிசையில் பிளாட் எடுத்து அவரையும் கூப்பிட்டது. கடல் பக்கம். இனிக் கதை வந்தால் ரயிலேறத் தேவையில்லை. போகிற அன்று ஈரத் துவாயைத் தானே கட்டிலால் எடுத்தார். அன்ரி அதற்குத்தான் அழுதா. சாமான் ஏற்றிய ஓட்டோவில் கதிரை கொள்ளவில்லை. அவர் கொள்ளவைக்கப் பார்க்கவும் இல்லை.

“அது உமக்கு. அதில இரும்” என்றார்.

“ஓம்” என்றேன்.

கதிரை ஜன்னலோரம் கிடக்கிறது. தூசு தட்டுவேன். மழையடித்தால் துணி போடுவேன். தயா ஏறி இருந்தால் எழுப்பிவிடுவேன். நானும் இருப்பதில்லை. அவர் சொல்லி நான் கேட்காத கட்டளை அது ஒன்றுதான்.