சொக்கி பார்த்த எதிரொலி வேலை

ஒரு காட்டில் என்று ஆரம்பிக்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அந்தக் காட்டுக்காரர்கள், "எங்களுது காடு இல்லை, தனி நாடு" என்று கோபித்துக்கொள்வார்கள். எதற்கு வம்பு? ஒரு குட்டி மலைநாட்டில், பெரிய நாவல் மரத்துப் பொந்தில், சொக்கி என்றொரு மலை மைனா குடியிருந்தாள். நாடு எவ்வளவு குட்டி என்றால், அங்கே யானை படுத்தால் வால் பக்கத்து நாட்டில் கிடக்கும். அதற்கு வரி கேட்டு ஆள் வரும்.

அந்த நாட்டில் ஒன்றும் விளையாது. வெளியூர்க் கூட்டத்தை வைத்துத்தான் பிழைப்பு. பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று உண்டு. ஒன்று அருவி. மழைக்காலத்தில் தண்ணீர் விழும், மற்ற நாட்களில் அது விழும் இடத்தைக் காட்டுவார்கள். இன்னொன்று காட்சிமுனை. அங்கே நின்றால் பக்கத்து நாடு ரொம்ப அழகாகத் தெரியும். மூன்றாவது எதிரொலிப் பாறை. நாட்டுக்கே சோறு போட்டது அதுதான். சமவெளியிலிருந்து எருமைகளும் ஆடுகளும் கழுதைகளும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கி, தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பள்ளத்தாக்கைப் பார்த்துத் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லிக் கத்தும். ஊரில் ஒருத்தரும் மதித்துக் கூப்பிடாத பெயரை ஒரு மலை மூன்று தரம் கூப்பிட்டால் யாருக்குத்தான் கசக்கும்?

கூட்டம் பெருகியது. எதிர்ச்சரிவில் வளைந்து வரும் பாதையில் பஸ் திரும்ப இடம் போதவில்லை. சுற்றுலாத் துறைச் செயலாளராக மாசிலாமணி என்ற கருமந்தி இருந்தார். அவர் அங்கே நின்ற பெரும்பாறையை வெடி வைத்துத் தகர்த்துப் பாதையை அகலமாக்கினார். திறப்பு விழாவில் கம்பியருகே நின்று "வாழ்க" என்று முழங்கினார். பதில் வரவில்லை. இத்தனை காலமும் குரலைத் திருப்பி அனுப்பியது அந்தப் பாறைதான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். அந்த நாட்டில் இந்தப் பழமொழிக்குத் தடை. செயலாளர் மனசு புண்படும்.

மறுநாளே அவர் நாவல் மரத்தடிக்கு வந்தார்.

"சொக்கியம்மா, உனக்கு நல்ல குரலாமே?"

"குரல் கிடக்கட்டும் அய்யா. மரத்துல சிவப்புப் பெயின்ட் அடிச்சிருக்காங்களே, அது எதுக்கு?"

"அதைப் பேசத்தான் வந்தேன். பஸ் நிறுத்தத்தைப் பெருசாக்கணும். உன் மரம் நட்டநடுவுல நிக்குது."

பொந்துக்குள் இரண்டு குஞ்சுகள். வீட்டுக்காரன் பக்கத்து நாட்டுக்கு அத்திப்பழம் தேடிப் போனவன், பாஸ்போர்ட் இல்லாமல் எல்லையிலேயே மாட்டிக்கொண்டிருந்தான்.

"குஞ்சுங்களுக்கு இன்னும் றெக்கை முளைக்கல அய்யா."

"முளைக்கட்டுமே, யாரு வேணாங்கிறா? நீ எதிர்ப்பக்கம் மிச்சம் நிக்கிற பாறை இடுக்குல உட்காந்துக்க. யாரு என்ன கத்துனாலும் மூணு தரம் திருப்பிச் சொல்லு. ஒவ்வொரு தரமும் கொஞ்சம் சன்னமா. நீ சொல்ற வரைக்கும் மரம் நிக்கும். இது என் வாக்கு."

"இது பித்தலாட்டம் இல்லீங்களா?"

"பித்தலாட்டமா? இதுக்குப் பேரு பராமரிப்பு."

பிள்ளை பெற்றவள் என்ன செய்வாள்? வேலைக்குப் போனாள். எருமைகள் பெயரைச் சொன்னால் எருமைக் குரலில் சொன்னாள், ஆடுகள் சொன்னால் ஆட்டுக் குரலில். கழுதைகளால்தான் தொல்லை. அவை பெயரெல்லாம் சொல்லாது, வெறுமனே கத்தும். அதையும் மூன்று தரம் கத்த வேண்டும். இருட்டும்போது தொண்டை தேங்காய் துருவியாகிவிடும். வீட்டுக்கு வந்தால் குஞ்சுகள், "பசிக்குது" என்று ஒரு தரமும், கொஞ்சம் சன்னமாக "பசிக்குது" என்று இன்னொரு தரமும், கேட்டும் கேட்காமலும் "பசிக்குது" என்று மூன்றாம் தரமும் சொல்லும். அம்மா தொழில் ரத்தத்தில் ஊறிவிட்டது. அதைக் கேட்டால் சொக்கிக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். ஆனாலும் தொழிலில் அவள் குறை வைக்கவில்லை. பனி மூடிய நாட்களில் குரலில் கொஞ்சம் ஈரம்கூடச் சேர்த்தாள்.

வந்தது வினை ஒரு கழுதை வடிவில். 'உங்கள் எதிரொலி நடுவில் இருமுகிறது' என்று அது மேலிடத்துக்குப் புகார் போட்டுவிட்டது.

அகில மலைநாட்டு அதிசயக் குழுவிலிருந்து நாரையார் ஒருவர் விசாரிக்க வந்தார். விடிந்ததும் மாசிலாமணி பாறை இடுக்குக்கு ஓடிவந்து, "இன்னைக்கு மட்டும் இருமிடாதே தாயே. இருமுனே, மரம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாரையார் கம்பியருகே ஒற்றைக் காலில் நின்றார். முதலில் தன் பெயரைக் கத்தினார், வந்தது. ஏதோ வெளிநாட்டுப் பாஷையில் கத்தினார், அதுவும் வந்தது. சீட்டியடித்தார், சீட்டி வந்தது. அவருக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. கழுத்தை நீட்டி, கள்ளத்தனமாய்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இந்த எதிரொலி போலி" என்று கத்தினார்.

சொக்கி யோசித்தாள். திருப்பிச் சொன்னால் தன் வாயாலேயே காட்டிக்கொடுத்ததாகும். சொல்லாவிட்டால் எதிரொலியே இல்லையென்றாகும். எப்படிப் பார்த்தாலும் மரம் போகும். குஞ்சுகளை நினைத்துக்கொண்டு கண்ணை மூடி, "போலி" என்றாள். "போலி" என்றாள். "போலி" என்று சன்னமாக முடித்தாள். பயத்திலும் அவளுக்கு ஒரு நிம்மதி. அந்த வேலைக்கு வந்த பிறகு அவள் சொன்ன முதல் உண்மை அது.

மாசிலாமணி கம்பியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். நாரையாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போலியா இருந்தா எவனாவது தன்னைப் போலின்னு ஒத்துக்குவானா? இவ்வளவு நேர்மையான அதிசயத்தை நான் பார்த்ததே இல்ல. இது சுத்த அசல்" என்று அங்கேயே சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். 'இயற்கையான எதிரொலி' என்று சாயங்காலத்துக்குள் பெரிய போர்டும் வைத்துவிட்டார்கள். மரம் தப்பியது என்று சொக்கி நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் அவளை எழுப்பியது ரம்பச் சத்தம். அடித்துப் பிடித்துக்கொண்டு குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கவ்வி, தான் வேலை பார்த்த பாறை இடுக்கில் கொண்டுபோய் வைத்தாள். இரண்டாவது குஞ்சை எடுத்துக்கொண்டு பறந்தபோது மரம் சாய்ந்தது. நேராகச் செயலாளரிடம் போனாள்.

"வாக்குக் குடுத்தீங்களே அய்யா?"

"யாருக்கும்மா?"

"எதிரொலிக்கு."

"எதிரொலி இயற்கையானதுன்னு சான்றிதழே இருக்கு. இயற்கைக்கு நான் எப்படி வாக்குக் குடுக்க முடியும்? அது கிடக்கட்டும், இனிமே கூட்டம் இரண்டு மடங்கு வரும். பஸ்ஸெல்லாம் உன் பொந்துலயா நிக்கும்?"

ஆற்றைக் கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. சொக்கி வேலைக்குப் போகவில்லை. இனி என்ன நடக்கிறது பார்க்கலாம் என்று பாறையில் உட்கார்ந்துகொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை. கூட்டம் கத்தியது, பள்ளத்தாக்கு சும்மா இருந்தது. "உங்களுக்குக் கேட்டுச்சா?" என்று ஓர் ஆடு கேட்டது. "போர்டுலயே போட்டிருக்கு, கேக்காம இருக்குமா?" என்றது பக்கத்திலிருந்த எருமை. இரண்டும் போர்டோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டன.

சொக்கிக்குப் பொறுக்கவில்லை. பறந்து வந்து போர்டின் தலையில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் ஊரார் குரலில் கத்தியவள், முதல் முறையாகத் தன் குரலில் கத்தினாள்.

"இங்க எதிரொலியே இல்ல. நான்தான் கத்துனேன். என் மரத்தை வெட்டிட்டாங்க."

கூட்டம் அண்ணாந்து பார்த்தது. பிறகு எருமைகளும் ஆடுகளும் கழுதைகளும் ஒரே சந்தோஷமாக, "வெட்டிட்டாங்க" என்றன. கொஞ்சம் சன்னமாக, "வெட்டிட்டாங்க" என்றன. மூன்றாவது தரம் கிசுகிசுப்பாகச் சொல்லிவிட்டுக் கைதட்டின. எதிர்ப்பக்கம் பாறை இடுக்கிலிருந்து இரண்டு சின்னக் குரல்களும் அதையே மூன்று தரம் சொல்லின.

மாசிலாமணி தூரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். அடுத்த வாரமே பார்க்க வேண்டிய இடங்கள் நான்காயின. 'தலைகீழ் எதிரொலி: மைனா கத்தும், நீங்கள் திருப்பிச் சொல்லலாம்.' சொக்கி மரத்துக்கு நியாயம் கேட்டுக் கத்தக் கத்தக் கூட்டம் நெரிந்தது. பஸ் திரும்ப மறுபடியும் இடம் போதவில்லை. ஒருநாள் காலையில் சொக்கி கண் விழித்தபோது, குஞ்சுகள் தூங்கிக்கொண்டிருந்த பாறையில் யாரோ சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

நீதி: உண்மையை ஊரறியக் கத்து. ஊரே கூடி நின்று அதைத் திருப்பிச் சொல்லும். அதற்கு முன் வேறு பொந்து பார்த்துவை.