நாலாம் நம்பருக்கு ஒரு பொன்னாடை

கால்பந்தாட்டத்தைக் கண்டுபிடித்தவன் வெள்ளைக்காரனாக இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்த ஆட்டத்தைப் பார்க்காமலே ரசிக்கும் உயர்ந்த நிலையைக் கண்டுபிடித்தது ராஜபாளையம் சஞ்சீவி மலைக் கால்பந்துக் கழக ரசிகர் பேரவைதான். இந்தப் பெருமைக்குப் பங்கு கேட்டு எவனும் வர முடியாது. கழகத்தின் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. ஆட்டத்தைப் பற்றி ஆராயும் பேரவைக் கூட்டமும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியுமா? பேரவையினர் கடமையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அன்றைய கூட்டத்துக்கு ஒரே பொருள், 'தடுப்பாட்ட வீரர் கிளாட்வினை ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் அணிக்கு மாற்றிக் கொடுப்பதா, வேண்டாமா.' பொருளாகிய கிளாட்வின் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மாடி ஏறி வந்தான். பஞ்சு மார்க்கெட் பக்கம் இருக்கும் அந்த மாடி, பேரவைத் தலைவர் ஜெய்னுலாப்தீனின் கிட்டங்கி. புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி பேல் பேலாக அங்கே அடுக்கியிருக்கும்.

செயலாளர் அருளப்பன் தீர்மான நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "ஏலே கிளாட்வினு, கீழ நாலு நாற்காலி கிடக்கு. செத்த மேல ஏத்திருய்யா."

இரண்டிரண்டாக ஏற்றினான். ஏற்றி முடிப்பதற்குள் நாலிலும் ஆள் உட்கார்ந்துவிட்டது. கிளாட்வின் ஒரு பேல்மேல் உட்கார்ந்து வலது காலை நீட்டிக்கொண்டான்.

அந்தக் கால்தான் விவகாரம். தை மாதம் சோழபுரத்தில் நடந்த ஆட்டத்தில் ஒருத்தன் பொத்தென்று மேலே விழுந்ததில் முழங்கால் திருகிக்கொண்டது. அன்றைக்குப் பிறகு அவன் மைதானத்தில் இறங்கவில்லை. அவனுடைய நாலாம் நம்பர் பனியனை மச்சினன் ரிச்சர்ட் போட்டுக்கொண்டு ஆடுகிறான். கிளாட்வினுக்கோ மில்லில் எட்டு மணி நேரம் நின்று பார்க்கிற வேலை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரும்போது முழங்கால் பப்பாளிக்காய் மாதிரி வீங்கியிருக்கும். இப்போது சித்திரை. இந்த மூன்று மாதமும் பேரவை வாரம் தவறாமல் கூடியது.

மடவார் வளாகம் அணியின் செயலாளர் மாரிக்கனி ஒரு யோசனை சொல்லியிருந்தார். கிளாட்வின் எங்களிடம் வரட்டும். நாளைக் காலையே மதுரையில் எலும்பு டாக்டரிடம் காட்டுகிறோம். கால் தேறும்வரை உட்கார்ந்த இடத்திலிருந்தே எங்கள் பயல்களுக்குத் தடுப்பாட்டம் சொல்லிக் கொடுக்கட்டும். பதிலுக்கு ஒரு முன்கள வீரரும் இரண்டு கோல் வலையும் தருகிறோம். இதற்கு ஒரு தடையில்லாச் சான்று வேண்டும், ஆறு மணிக்குள். இதில் பேரவையின் காதில் விழுந்தது வீரரும் வலையும் மட்டும்தான். பேரவைத் தலைவர் கையெழுத்தில்லாமல் சஞ்சீவி மலைக் கழகத்தில் பந்துக்குக் காற்றுக்கூட அடிக்க முடியாது.

பைக் மெக்கானிக் வீரணன் விவாதத்தைத் தொடங்கி வைத்தார்.

"போன வாரம் நம்ம கிளாட்வின் ஆடுன ஆட்டத்தை மறந்துட்டுப் பேசாதிய. ஒத்த ஆளா நின்னான்."

"போன வாரம் நாலு கோல் வாங்கித் தோத்தோம்" என்றார் அருளப்பன்.

"நாலோட நிப்பாட்டுனான்லா? அவன் இல்லேன்னா எட்டு."

அவை மேசையைத் தட்டியது. போன வாரம் அந்த நேரத்தில் மில்லில் நின்றுகொண்டிருந்த கிளாட்வினுக்கும் இது புதுச் செய்தி. ரிச்சர்டிடம் சொன்னால் சந்தோஷப்படுவான் என்று நினைத்துக்கொண்டான்.

கையைத் தூக்கினான். "அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லணும்."

"விதி ஏழு" என்றார் அருளப்பன். "இந்தக் கூட்டத்துல ஆட்டக்காரன் பார்வையாளன். பார்வையாளன் பேசப்படாது."

அடுத்து வலை விவகாரம். அதில்தான் அருளப்பனின் தொலைநோக்கு தெரிந்தது.

"நம்ம கோலுக்கு வலை கிடையாது. பந்து உள்ள போச்சா, வெளிய போச்சான்னு வாரா வாரம் பேசுதோம். வலையை மாட்டிட்டா பந்து உள்ள போனது எல்லாத்துக்கும் தெரிஞ்சிரும். பொறவு பேரவைக்கு என்ன சோலி?"

அவை நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆபத்து எம்புட்டுப் பெரியது என்று அப்போதுதான் உறைத்தது. 'வலை மறுப்புத் தீர்மானம்' ஏகமனதாக நிறைவேறியது.

தலைவர் ஜெய்னுலாப்தீன் எழுந்தார். "கிளாட்வின் நமக்கு ஆட்டக்காரன் மட்டுமா? நம்ம ரத்தம். ரத்தத்தை எவனாவது மாத்திக் குடுப்பானா? அவன் உடம்புல ஒரு கீறல் விழுந்தா எனக்கு இங்க வலிக்கும்."

'தலைவர் கண் கலங்கினார்' என்று அருளப்பன் நோட்டில் எழுதினார். எட்டிப் பார்த்த தலைவர், எழுதியது வீணாகக் கூடாதே என்று கலங்கினார். இம்புட்டுப் பிரியம் வைத்திருக்கிற மனுசர்களை விட்டுப் போக நினைத்தோமே என்று கிளாட்வினுக்கு ஒரு கணம் வெட்கமாகக்கூட இருந்தது. அப்புறம் காலை மடக்கிப் பார்த்தான். வெட்கம் போய்விட்டது.

மணி ஐந்தே முக்கால். கைபேசியில் மாரிக்கனி. "தம்பி, சான்று ஆச்சா?"

"இப்பம் வாங்கிட்டு வாரேன் அண்ணாச்சி" என்று கிளாட்வின் எழுந்து நின்றான். விதி ஏழாவது எட்டாவது என்று பார்க்காமல் கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கினான்.

"பாய், நான் தையிலேருந்து ஆடவே இல்ல."

எல்லோரும் முழங்காலைப் பார்த்தார்கள்.

"அப்பம் போன வாரம் ஆடுனது யாரு?" என்றார் வீரணன்.

"என் மச்சினன் ரிச்சர்ட்."

அருளப்பன் அவசரமாக நோட்டைப் புரட்டினார். "உனக்குப் பன்னெண்டு பாராட்டுத் தீர்மானம் போட்டிருக்கோமே."

"அவன்கிட்டச் சொல்லிருதேன் அண்ணாச்சி."

தலைவர், செயலாளர், வீரணன் மூவரும் மூலைக்குப் போனார்கள். பேரவை வரலாற்றில் இரண்டே நிமிடத்தில் முடிந்த ஒரே விவாதம் அதுதான். வலை மறுப்புத் தீர்மானம் ரத்தானது. தடையில்லாச் சான்றில் தலைவர் கையெழுத்துப் போட்டார். ஈரம் காய ஊதிக்கூட விட்டார்.

பிறகு கிளாட்வினின் தோளில் கை போட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இந்தக் கால் விசயம் மடவார் வளாகத்துக்காரனுக்குத் தெரியவேண்டாம். வலை ரெண்டும் வந்து சேருத வரைக்கும் நொண்டாம நட, என்னா?"

"அவியளுக்குத் தெரியும் பாய்."

"எப்படி?"

"தையில நான் விழுந்தப்ப என்னைத் தூக்கிவிட்டதே மாரிக்கனி அண்ணாச்சிதான். அவிய ஆட்டம் பாக்க வந்திருந்தாவ."

இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கப் பேரவைக்கு நேரமில்லை. வழியனுப்பு நிகழ்ச்சி பாக்கி இருந்தது. தலைவர் ஒரு ஆரஞ்சு நிறப் பொன்னாடையைப் பிரித்துப் போர்த்தினார். வீரணன் போட்டோ எடுத்தார். 'கண்ணீருடன் விடை கொடுத்தோம்' என்று அருளப்பன் எழுதி மூடினார்.

கிளாட்வின் சான்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பேல்மேல் உட்கார்ந்து பொன்னாடையைக் கழற்றினான். நீளவாக்கில் மடித்து, வலது முழங்காலைச் சுற்றி இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டான். மூன்று மாதத்தில் பேரவை அந்தக் காலுக்குக் கொடுத்த முதல் கட்டு அதுதான். உட்கார்ந்திருந்த பேலில் எத்தனையோ ஆயிரம் முழங்காலுக்குப் போதுமான துணி இருந்தது. அதில் கை வைக்க முடியாது. 'ஏற்றுமதிக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது.