தாழ்வாரத்து வீரர்

தாழ்வாரத்து வீரர் என்றோர் இனம் உண்டு; நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கூட்டம் நடக்கும்போது விசிறியை அண்ணாந்து பார்க்கும். கூட்டம் முடிந்து கதவு சாத்தியதும் வெளியே நின்று கர்ஜிக்கும்.

நம்மவர் அதில் உயர்ந்த ரகம். எந்த மதத்தையும் சாராத ஒரு பல்கலைக்கழகத்தில், கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைப் பயிற்றும் பிரிவின் பொறுப்பாளர். துறைத்தலைவர் முன்னால் செபத்தை ‘மௌனச் செயல்பாடு’ என்பார். ஃபாதர்கள் வந்துவிட்டால் வருகைப் பதிவேட்டைக்கூடக் கடவுளின் அழைப்பாக்கிவிடுவார். இரு தரப்பும் ஒரே நாளில் வந்தால்? அன்று மனுஷருக்குத் தவறாமல் தலைவலி வரும். லீவு.

ஒருநாள் பயிற்சி ஆசிரியை ஒருத்தியின் வகுப்பைப் பார்வையிடப் போனார். மூன்றாம் வகுப்பு, நம் செபத்தைக் கடவுள் கேட்கிறார் என்பது பாடம். பின்பெஞ்சில் மதிப்பெண் தாளோடு இவர் உட்கார்ந்திருக்க, இரண்டு மாதம் முன்பு தாயைப் பறிகொடுத்த ஒரு சிறுமி எழுந்தாள்.

“நான் தினமும் செபம் பண்ணேன் டீச்சர். அப்புறமும் அம்மா செத்துட்டாங்க. அவருக்குக் கேக்கலையா?”

ஆசிரியை சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, போய்ச் சிறுமியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “எனக்குத் தெரியலடா. அம்மா எப்படி இருப்பாங்கன்னு எனக்குச் சொல்றியா?”

சிறுமி சொன்னாள். மணி அடித்தும் ஒரு பிள்ளைகூட அசையவில்லை. நம்மவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். முப்பது வருஷத்தில் இப்படியொரு வகுப்பைப் பார்த்ததில்லை என்று மனதுக்குள் ஒப்புக்கொண்டார். தாளில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல, விஷயம் மறுவாரம் கூட்டத்துக்கு வந்தது. கடவுளைப் பற்றிச் சொல்லித்தரும் மறைக்கல்வி வகுப்பில் தெரியாது என்று சொல்லலாமா என்றார் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை சிஸ்டர். பாடக்குறிப்பில் இல்லாததைச் செய்ததால் கற்றல் விளைவை அளக்க முடியவில்லை என்றார் துறைத்தலைவர். ஐந்து வருஷமாக எதிலும் ஒத்துப்போகாத இருவரும் அன்று ஒத்துப்போனார்கள். பிறகு இவர் பக்கம் திரும்பினார்கள். நேரில் பார்த்தவர் இவர் ஒருவர்தானே; அன்று தலைவலி லீவுக்கும் வழியில்லாமல் போயிருந்தது!

ஒரு வாக்கியம் போதும். அது தொண்டை வரை வந்தது. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருப்பதும் கூடவே வந்தது.

“ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு” என்றார்.

அந்த ஆசிரியை பயிற்சியை முதலிலிருந்து செய்யவேண்டும் என்று முடிவாயிற்று. அந்தப் பள்ளியில் அவளுக்கென்று வைத்திருந்த வேலை வேறொருத்திக்குப் போயிற்று.

முடிவைக் கேட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவளைத் தாழ்வாரத்தில் நம்மவர் மூச்சிரைக்க ஓடிப் பிடித்தார். “உள்ள இருக்கறவங்களுக்கு என்னம்மா தெரியும்? உன்னை மாதிரி டீச்சர் லட்சத்துல ஒருத்தி.”

“அது எனக்கு எதுக்கு சார்?” என்று கேட்டுவிட்டு அவள் படியிறங்கினாள்.

சாயங்காலம் மனைவியிடம் கதையைச் சொன்னார். அந்தக் கதையில் அவர் மேஜையைத் தட்டி எழுந்து நின்றிருந்தார். மனைவி பாதியிலேயே துணி மடிக்கப் போய்விட்டாள்.

இதைப் படிக்கும்போது உங்கள் அலுவலகத்து ஆள் யாராவது நினைவுக்கு வருகிறாரா? இதை அவரிடமும் படிக்கக் கொடுங்கள். யார் முகம் தோன்றியது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பளிச்சென்று உங்கள் பெயரைச் சொல்லிவிடப் போகிறார்.