ஈய அங்கியும் முதுகுவலியும்

கருவுற்ற செய்தி மூன்று மாதம் முடியும்வரை வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. அறிந்தவரும் அறியாதவராகவே இருந்துவிட வேண்டும். கள்ளக்குறிச்சியில் இதை எவரும் எவருக்கும் கற்பித்ததில்லை, மீறியவரும் இல்லை.

ஸ்கேன் மையமொன்றில் எக்ஸ்ரே எடுக்கும் எழில்மதிக்கு அது இரண்டாம் மாதம். நான்கு ஆண்டுகள் காத்திருந்து உண்டான கரு. கதிர்கள் அதைத் தீண்டிவிடுமோ என்ற அச்சத்தில், அங்கிருந்த ஒரே ஈய அங்கியைக் காலையிலேயே அணிந்துகொண்டாள். தேநீர் குடிக்கும்போதும் கழற்றவில்லை.

"கயட்டிக் குடுடி. நானும்தான உள்ள போவணும்," என்றாள் உடன் வேலை பார்க்கும் கோகிலவாணி.

"முதுகு வலிக்குதுக்கா. இத்தக் கட்டிக்கினு இருந்தாத்தான் கொஞ்சம் கம்மியா இருக்குது."

சொன்ன பிறகே பிழை புரிந்தது. முதுகு வலிப்பவளுக்கு இத்தனை கனம் எதற்கு என்று கடிந்தபடி, கோகிலவாணி அங்கியை அவிழ்த்துத் தானே மாட்டிக்கொண்டாள்.

அங்கி போயிற்று, பொய் வலி மட்டும் எஞ்சியது. எழில்மதி அதையே பற்றிக்கொண்டு, இன்று எக்ஸ்ரே அறைக்குள் நிற்கத் தன்னால் இயலாது என்றாள். சற்று நேரத்தில் கோகிலவாணிக்கும் முதுகு வலித்தது. எழில்மதிக்கு இருப்பதைவிட ஜாஸ்தியாம்.

சாமை அறுப்பில் வழுக்கி விழுந்து, வீங்கிய மணிக்கட்டைத் துண்டில் தொங்கவிட்டபடி வெள்ளிமலையிலிருந்து வந்திருந்த தைலம்மாள், பெஞ்சில் அமர்ந்து இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைய உரிமையாளர் டாக்டர் காசிநாதன் இரக்கமுள்ளவர். ஆபத்து அங்கேதான் இருந்தது. இரு ஊழியருக்கும் ஒரே நாளில் முதுகு போனதென்று கேட்டுக் கலங்கிவிட்டார்.

"ஒருத்தர ஒருத்தர் எக்ஸ்ரே எடுத்துக்குங்கம்மா. இடுப்பையும் சேர்த்தே எடுத்துடுங்க."

வயிற்றை நோக்கிப் போன எழில்மதியின் கை பாதியில் திசைமாறி முதுகைத் தடவியது.

"நீங்க பெரியவங்க. மொதல்ல படுங்கக்கா."

"ஒனக்குத்தானடி மொதல்ல வலிச்சிது. நீ படு."

வேறு வழியின்றி, வலி போய்விட்டதென்றாள் எழில்மதி. அதே நொடியில் கோகிலவாணிக்கும் போயிற்று. மகிழ்ந்த டாக்டர், அப்படியானால் காத்திருக்கும் அம்மாவை யாராவது உள்ளே அழைத்துச் செல்லுங்கள் என்றார். இருவரும் தரையில் வேரோடியவர்கள்போல் நின்றனர்.

தைலம்மாள் பெருமூச்சுவிட்டாள்.

"ஐயா, நீங்களே வந்து என் கையப் படம் புடிச்சிடுங்க. இதுங்க ரெண்டும் முழுவாம இருக்குதுங்க."