நர்சரிக் கங்காணியின் திட்டுக்கு ஏங்கியவள்

தலவாக்கலையிலிருந்து கந்தப்பளை வரைக்கும் தோட்டம் தோட்டமாகச் சலித்தாலும், விளையாடுகிற பிள்ளைகளை எங்கள் நர்சரிக் கங்காணி மாதிரி கேவலமாகப் பேசுகிற ஒரு செலக்டரைக் கண்டுபிடிக்க முடியாது.

செலக்டர் பதவியை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. தேயிலைக் கன்று வளர்ப்பதுதான் அவர் வேலை. அது முடிந்ததும் நேரே மைதானத்துக்கு வந்து, வெற்றிலையை மென்றுகொண்டு ஓரத்துக் கல்லில் உட்கார்ந்துவிடுவார். நாங்கள் பெண்கள் எல்லே என்கிற ஆட்டம் ஆடுவோம். தடியால் டென்னிஸ் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடிவர வேண்டும். ஓடும்போது பந்தை எறிந்து மேலே அடித்துவிட்டால் தொலைந்தோம். பெரிய டீம் ஒன்று, அதற்கு ஆள் வளர்த்துக் கொடுக்கிற சின்ன டீம் ஒன்று. யாரை மேலே ஏற்றுவது என்பது கங்காணியின் வாயில் இருந்தது. கேப்டன் அக்காவுக்கு அவர் தாய்மாமன், வேறென்ன!

ஒருநாள் சுகந்தி அடித்த பந்து லயத்து வீட்டுக் கூரையைத் தாண்டிப் போனது. நாங்கள் குதித்தோம். அவர் வெற்றிலையைத் துப்பினார்.

“ஏய் புள்ள, பந்து அடிக்கிறியா, துணி தொவைக்கிறியா? கையா அது, வெறகுக் கட்டையா?”

சுகந்திக்கு முகமெல்லாம் பல். அடுத்த மேட்சில் அவள் பெரிய டீம்.

காரணம் கேட்டால் நர்சரிக்குப் போய்விடுவார். “நெழல்லயே வச்சா கன்னு சொகமாத்தான் இருக்கும். மலையில கொண்டுபோய் நட்டா கருகிரும். தேறுற கன்னுன்னா கூரையப் பிரிச்சு வெயிலக் காட்டணும்ல?”

“அப்ப தேறாத கன்னு, மாமா?”

“அத ஏன் போட்டு வாட்டணும்? பாவம், நெழல்லயே இருந்துட்டுப் போகட்டும்.”

என்னிடம் பேசும்போது மட்டும் அவர் வாயில் தேன் வடியும். ஒருநாள் கைக்குள் வந்த பந்தைக் கோட்டை விட்டேன். “பரவால்ல தாயி, வெயிலு கண்ணுல பட்ருச்சு” என்றார். எதிரே நிற்கிற ஆளே தெரியாத பனி அன்றைக்கு! வீட்டுக்கு வந்து அழுதேன்.

“பரவால்லன்னு தானே சொன்னாரு? அதுக்கு ஏன்டி அழுவுற?” என்றார் அம்மா.

“ஒங்களுக்கு வெளங்காதும்மா.”

ஒரே ஒரு திட்டு. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இப்படி இருக்கையில் நுவரெலியாவிலிருந்து ஒரு பேஸ்போல் கோச் வந்தார். எல்லே ஆடுகிறவர்களுக்கு பேஸ்போல் சீக்கிரம் பிடிபடும் என்று ஜூனியர் டீமுக்கு ஆள் தேடினார். வந்த நேரம் மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. ஆட்டம் பார்க்க வழியில்லை. யாரைக் கேட்டால் தெரியும் என்றார். எல்லோரும் கங்காணியைக் காட்டினோம், புத்திசாலிகள்!

“அந்த சுகந்தி எப்படிங்க?”

“அதா? ஓடவும் தெரியாது, நிக்கவும் தெரியாது சேர்.”

சுகந்தி பெருமையில் நெளிந்தாள். கோச் உதட்டைப் பிதுக்கினார். என்னைக் காட்டிக் கேட்டார்.

“தங்கம் சேர். கொற சொல்ல ஒண்ணுமில்ல.”

என்னை வேனில் ஏற்றிவிட்டார்கள். வேன் வளைவில் திரும்பும்போதுதான் கங்காணிக்கு உறைத்தது. தலையில் கைவைத்துக்கொண்டு மழையில் பின்னாலேயே ஓடிவந்தார். வழியனுப்புகிறார் என்று நினைத்துக் கோச்சும் சிரித்தபடி கைகாட்டினார்.

நுவரெலியா பயிற்சி கேம்ப்பில் பட்டதைச் சொல்லி மாளாது. அது பந்தா, கல்! என்னிடம் குறையே இல்லை என்று கேள்விப்பட்டிருந்த கோச், குறையில்லாத ஒரு இடத்தைத் தேடித் தேடிக் களைத்துப்போனார். கடைசியில் நானே விஷயத்தைச் சொன்னேன்: “சேர், அவரு திட்டின ஆளுங்களப் போய்ப் பாருங்க.” போனார். சுகந்தியைக் கூட்டிவந்தார். நான் ஊருக்கு பஸ் ஏறினேன்.

இறங்குகிற இடத்தில் கங்காணி குடையோடு நின்றார். இப்போதும் அந்த மனுஷன் “பரவால்ல தாயி” என்று ஆரம்பித்தால் என் ஆட்டம் அதோடு முடிந்தது.

“அங்க என்னதான் பண்ணுன?”

“கடைசி நாளு ஒரு பந்து புடிச்சேன் மாமா. நல்லா வேகமா வந்துச்சு. விடல.” வீங்கின விரலைக் காட்டினேன்.

கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இப்படியாடி புடிப்பாங்க, அறிவுகெட்ட கழுத! வெரல நீட்டிக்கிட்டு நிப்பாளாம்! நாளைக்கு கிரவுண்டுக்கு வராம மட்டும் இரு, கால ஒடிச்சுப்புடுறேன்!”

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்க, நான் ஓவென்று அழுதேன். பெற்றவர்களைத் தவிர என்னை நம்பின முதல் ஆள் அவர்தான்.